பள்ளி முற்றத்தில் ஒரு கம்பு

ஜூன் மாத நண்பகலில் சென்னையில் நிழல் தெற்கே விழும். இதைச் சொன்னால் முதலில் மறுப்பவர்கள் படித்தவர்கள்தான். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறோம், சூரியன் நமக்குத் தெற்கே நிற்கும், ஆகவே உச்சிவேளை நிழல் வடக்கே விழும் என்று ஏதோ ஒரு வகுப்பில் படித்தது அவர்கள் மனத்தில் அப்படியே தங்கியிருக்கிறது. அந்தப் பாடம் லண்டனுக்கும் பாரிஸுக்கும் வருஷம் முழுக்கப் பொருந்தும். டெல்லிக்கும் பொருந்தும். சென்னைக்கு எட்டு மாதம்தான் பொருந்தும். மீதி நான்கு மாதம் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன் 21ஆம் தேதி ஒரு மீட்டர் உயரக் கம்பை வெயிலில் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். நண்பகலில் அதன் நிழல் 18 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தெற்கே கிடக்கும்.

இதில் பள்ளிகளுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் ஜூனில் திறந்து ஏப்ரலில் மூடுகின்றன. நிழல் தெற்கே மிக நீண்டு கிடக்கும் காலத்தில் பாடம் தொடங்குகிறது. நிழல் சுருங்கி மறைந்து, வடக்கே வளர்ந்து, திரும்பவும் சுருங்கிக் காலடியில் மறையும் காலத்தில் ஆண்டு முடிகிறது. யாரும் திட்டமிட்டு இப்படி அமைக்கவில்லை. கோடை விடுமுறை வெயிலைப் பார்த்து வைத்தது, நிழலும் அதே வெயிலின் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் ஏழாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் ஒரே ஒரு கேள்வியை ஆண்டு முழுக்க வைத்திருக்க நினைத்தால் இதைவிட வாகான பொருள் வாய்க்காது.

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் கையால் செய்து பார்த்து அறிவியல் படிக்கலாம் என்பதை இந்தியாவில் பெரிய அளவில் காட்டிய இடம் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத். நர்மதைக் கரை மாவட்டம், இப்போது பெயர் நர்மதாபுரம். 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சியைத் தொடங்கின. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் எழுதினார்கள். 1978இல் அது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் பரவியது. 1982இல் ஏகலவ்யா என்ற அமைப்பு உருவாகி அதை ஏற்று நடத்தியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு 'பால் வைஞானிக்' என்ற புத்தகம். அதில் கேள்விகளும் செய்முறைகளும் இருந்தன, விடைகள் இல்லை. விடையைப் பிள்ளைகள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து செய்து பார்த்துத் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி இல்லையா, கருவேல முள் போதும். அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் இணைத்து முக்கோணமும் பிரமிடும் செய்யக் கற்றுக்கொடுத்ததும் அங்கேதான். தேர்வில் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. எட்டாம் வகுப்புக்கு வானத்தைப் பற்றி ஒரு பாடம். அதற்கான கருவிகளில் தலையாயது ஒரு கம்பு.

கம்பு நடுவது எளிது என்று தோன்றும். கொத்தனாரிடம் கேட்டால் தெரியும், செங்குத்து என்பது எவ்வளவு பெரிய வேலை என்று. தூக்குக்குண்டு கட்டிக் கம்பை நிமிர்த்த வேண்டும், ரசமட்டம் வைத்துத் தரையைப் பார்க்க வேண்டும். கம்பு இரண்டு டிகிரி சாய்ந்தாலே நிழல் மூன்றரை சென்டிமீட்டர் பொய் சொல்லும். அடுத்த சிக்கல் நிழலின் நுனி. பிள்ளைகள் நான்கு பேர் அளந்தால் நான்கு விடை வரும், நான்கு பேரும் சண்டை போடுவார்கள். நான்குமே சரியாக இருக்கலாம். சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதன் மேல் விளிம்பு ஓரிடத்தில் நிழலை முடிக்கிறது, கீழ் விளிம்பு இன்னோரிடத்தில் முடிக்கிறது. நடுவில் கருப்பும் இல்லாத வெளிச்சமும் இல்லாத ஒரு பட்டை. டிசம்பரில் ஒரு மீட்டர்க் கம்புக்கு அந்தப் பட்டையின் அகலம் ஒன்றேகால் சென்டிமீட்டரைத் தாண்டும். ஆக, 'சரியான விடை' என்பது ஒரு எண் இல்லை, ஒரு நெருக்கம். ஹோஷங்காபாத் பாடங்களில் அளவுகள் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகின்றன என்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தார்கள். பள்ளி அறிவியலில் வேறெதையும் விட இது முக்கியம் என்பது என் எண்ணம். ஒரே விடைக்குப் பழகிய பிள்ளை, அளவு சற்றுத் தவறி வந்தால் பக்கத்துப் பையனின் எண்ணைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. அதற்குப் பிறகு அங்கே அறிவியல் இல்லை.

கம்பின் உச்சியில் ஒரு அட்டையைப் பொருத்தி அதில் சின்னத் துளை போட்டால் சண்டை குறையும். நிழலின் நடுவே வெளிச்ச வட்டம் ஒன்று விழும், அதன் நடுப்புள்ளியை அளந்தால் போதும். அந்த வட்டம் துளையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். துளையைச் சதுரமாக வெட்டினாலும் வட்டமே விழும். வேப்பமரத்தடியில் கிடக்கும் வெளிச்சக் காசுகள் எல்லாமே இப்படிப்பட்ட சூரியப் படங்கள்தான். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் பக்கங்களில் வளையக் கிரகணம் தெரிந்தபோது மரத்தடிகளில் காசுகள் வளையல்களாக மாறின.

சரி, நண்பகல் எப்போது? பிள்ளைகள் பன்னிரண்டு மணி என்பார்கள். கடிகாரத்தை ஒதுக்கிவிட்டுக் கம்பிடமே கேட்கலாம். கம்பைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நீண்டு கிடக்கும் நிழல் சுருங்கிச் சுருங்கி ஒரு கணத்தில் அதன் நுனி வட்டத்தைத் தொடும். அங்கே ஒரு குறி. மத்தியானத்துக்கு மேல் நிழல் வளர்ந்து மறுபக்கம் வட்டத்தைத் தொடும். அங்கே இன்னொரு குறி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. கம்பிலிருந்து அந்தக் கோட்டுக்கு நேர்குறுக்கே போட்டால் வடக்கு தெற்கு. காந்த ஊசி வேண்டாம். காத்யாயனரின் சுல்ப சூத்திரம் வேள்விக் களம் அமைக்க இந்த முறையைத்தான் சொல்கிறது, கோயில் கட்டும் சிற்ப நூல்களும் இதையே சொல்கின்றன. நிழல் இந்த வடக்கு தெற்குக் கோட்டின் மேல் படியும் கணமே நண்பகல். ஏழாம் வகுப்பு வடிவியலில் வரும் மையக் குத்துக்கோடு இங்கே ஒரு வேலைக்கு வந்துவிட்டது.

ஜூலை நடுவில் தெற்கு நிழல் 15 சென்டிமீட்டர். ஆகஸ்ட் முதல் தேதி ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. ஆகஸ்ட் 18 வாக்கில் ஒன்றுமில்லை. சூரியன் சென்னையின் நேர் உச்சியில் நிற்கிறது. நிமிர்ந்து நிற்கும் பாட்டிலும் டம்ளரும் நிழலைத் தங்களுக்கடியில் வைத்துக்கொள்கின்றன. மேகம் வந்து கெடுத்தால் முந்தின நாளும் மறுநாளும் பார்க்கலாம், அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம் வரும். அடுத்த வாரத்திலிருந்து நிழல் வடக்கே கிளம்பும்.

பூமி தன் பாதைக்கு 23.4 டிகிரி சாய்ந்து சுற்றுகிறது என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். அந்த எண்ணை யாரோ கண்டுபிடித்துச் சொன்னது என்று நினைப்பார்கள். ஜூனில் எடுத்த அளவையும் டிசம்பரில் எடுத்த அளவையும் கோணமாக்கினால் சென்னையில் தெற்கே 10.4, வடக்கே 36.5 டிகிரி வரும். கூட்டிப் பாதியாக்கினால் 23.4 கைக்கு வந்துவிடும். மரச்சட்டமும் டேப்பும் பாகைமானியும் இருந்தால் பூமியின் சாய்வைப் பள்ளி முற்றத்திலேயே அளக்கலாம் என்பதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்?

செப்டம்பர் 23இல் இரவும் பகலும் ஏறக்குறைய சமம், சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. அன்றைய நிழல் 23 சென்டிமீட்டர். அதைக் கோணமாக்கினால் 13 டிகிரி, அதுவே சென்னையின் அட்சரேகை. அன்றைக்கே கன்னியாகுமரியில் ஒரு பள்ளியோடு பேசி வைத்திருந்தால் இன்னும் பெரிய வேலை ஒன்று செய்யலாம். அங்கே அதே உயரக் கம்புக்கு நிழல் 14 சென்டிமீட்டர், கோணம் 8 டிகிரி. வித்தியாசம் 5 டிகிரி. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் இடையே வடக்கு தெற்காக மட்டும் அளந்தால் சுமார் 555 கிலோமீட்டர். (சாலை வளைந்து போவதால் பேருந்து தூரத்தை எடுத்தால் கணக்குக் கெட்டுவிடும்.) முழு வட்டத்தில் 72 ஐந்து டிகிரிகள். 555ஐ 72ஆல் பெருக்கினால் 39,960. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். இரண்டு கம்புகளுக்கு இடையே நிழலில் ஒன்பது சென்டிமீட்டர் வித்தியாசம். அதை வைத்து உலகத்தை அளந்தாயிற்று.

இதை முதலில் செய்தவராக வரலாறு சொல்வது எரடாஸ்தனிஸை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு, அலெக்சாண்ட்ரியா நூலகத்தின் தலைவர். தெற்கே சயீன் ஊரில் கோடை நடுவில் நண்பகல் நிழல் இல்லை, அலெக்சாண்ட்ரியாவில் அதே வேளை வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கோணம், இடைத்தூரம் 5,000 ஸ்டேடியம் (அக்கால நீள அளவு), ஆகவே சுற்றளவு 2,50,000. நமக்கு நெருக்கமான கதை வேறொன்று. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்குச் சங்கிலி வைத்து ஒரு கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக வெட்டி அளந்த மாபெரும் நிலவளவை அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பியது. பூமி எவ்வளவு பெரியது, துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்பதும் லாம்டனின் கேள்விகளில் சேர்த்தி. சமூக அறிவியல் வகுப்பில் இது 'ஆங்கிலேயர் ஆட்சி' என்ற தலைப்பில் வரும், அதற்கும் நிழலுக்கும் தொடர்பே இல்லாததுபோல. பிரான்ஸில் ஜார்ஜ் ஷார்பாக் என்ற நோபல் இயற்பியலாளர் தொடங்கிய பள்ளி அறிவியல் இயக்கத்தின் வழியாக 2000ஆம் ஆண்டிலிருந்து வெவ்வேறு நாட்டுப் பள்ளிகள் தங்கள் நிழல் அளவுகளைப் பரிமாறி எரடாஸ்தனிஸ் கணக்கைத் திரும்பப் போடுகின்றன. நாம் திருவள்ளூரையும் நாகர்கோவிலையும் இணைத்தாலே போதும்.

அக்டோபர், நவம்பர் மழை. பல நாள் அளவு கிடைக்காது. கிடைக்காத நாளுக்கு அட்டவணையில் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். முந்தைய நாளையும் அடுத்த நாளையும் பார்த்து நடுவே ஓர் எண்ணை இட்டு நிரப்பக் கை துறுதுறுக்கும், அதுவும் 'ரெக்கார்டு நோட்டு'க்கு மதிப்பெண் உண்டு என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் கட்டத்தைக் காலியாக விடும் வகுப்புக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

மேகம் விலகும் நாள்களில் வகுப்புக்கு ஒரு புதிர் காத்திருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் நண்பகல் 11 மணி 52 நிமிஷத்துக்கே வந்துவிடுகிறது. பிப்ரவரி நடுவில் 12 மணி 23 நிமிஷம் ஆகிறது. ஒரே ஊர், ஒரே கம்பு, அரை மணி நேரம் எங்கே போனது?

இதில் இரண்டு கதை கலந்திருக்கிறது. முதல் கதை ரயிலுடையது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். சென்னை அதற்கு இரண்டேகால் டிகிரி மேற்கே. பூமி ஒரு டிகிரி சுழல நான்கு நிமிஷம், ஆகவே சென்னையின் சராசரி நண்பகல் 12 மணி 9 நிமிஷம். கோயம்புத்தூருக்கு இன்னும் 13 நிமிஷம் கழித்து. 1906க்கு முன்பு இந்த ஒன்பது நிமிஷம் இல்லை. 1792இல் தொடங்கிய மெட்ராஸ் வான்நோக்ககத்தின் நேரம் இங்கே புழங்கியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவே அமைந்ததால் இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. அது கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்தியது. புதிய நேரம் 5 மணி 30 நிமிஷம். கழித்துப் பார்த்தால் பிள்ளைகள் கம்பில் கண்ட அதே ஒன்பது நிமிஷம். ஒரு அரசாணையின் தழும்பு நிழலில் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது கதை பூமியுடையது. பூமி ஒரு முழுச் சுற்று சுழல 23 மணி 56 நிமிஷம் போதும். ஆனால் அதற்குள் தன் பாதையிலும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் அதே சூரியனை நேராகப் பார்க்க இன்னும் நான்கு நிமிஷம் திரும்ப வேண்டியிருக்கிறது. பாதையில் வேகமாக நகரும் காலத்தில் கூடுதலாகத் திரும்ப வேண்டும். பூமி மிக வேகமாக ஓடுவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போதுதான் அது சூரியனுக்கு மிக அருகே இருக்கிறது, 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. (கோடையில் சூரியன் பக்கத்தில் வருவதால் வெயில் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.) இதோடு அச்சுச் சாய்வும் சேர்ந்து நண்பகலிலிருந்து நண்பகல் வரையான நாள் டிசம்பர் கடைசியில் 24 மணியைவிட அரை நிமிஷம் நீள்கிறது, செப்டம்பர் நடுவில் இருபது நொடி குறைகிறது. நொடிகள் நாளுக்கு நாள் சேர்ந்து நிமிஷங்களாகின்றன. சென்னையில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது டிசம்பர் 21 அன்று இல்லாமல் ஜனவரி பிற்பகுதியில் நடப்பதற்கும் காரணம் இதுதான். அப்பாவுடைய கைபேசி காட்டும் நேரம் ஒரு சராசரி. கம்பு காட்டுவது சூரியனின் உண்மையான நடை.

டிசம்பர் 21, 22. நிழல் 74 சென்டிமீட்டர், ஆண்டிலேயே மிக நீளம். ஹோஷங்காபாத்தில் அன்று அதே கம்புக்கு நிழல் கம்பையே மிஞ்சும், 104 சென்டிமீட்டர். செப்டம்பரில் ஒரே வாரத்தில் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்த நுனி, இப்போது ஒரு வாரத்துக்கு அரை சென்டிமீட்டர்கூட நகராமல் நிற்கும். கட்டத்தாளில் இதை வரைந்த பிள்ளைக்கு, மேலே வரும்போது தயங்கி, நடுவில் விரையும் அந்த வளைவு அறிமுகமாகிவிடும். உயர்நிலை வகுப்பில் அதற்கு ஒரு பெயர் சொல்லித் தருவார்கள். பெயர் தெரியும் முன்பே உருவம் தெரிந்திருக்கும்.

பிறகு பொங்கல். வகுப்பில் எவராவது ஒருவர் கேட்பார், கேட்காவிட்டால் ஆசிரியர் கேட்க வேண்டும்: சூரியன் வடக்கே திரும்புவது தை முதல் நாள்தானே, நம் கம்பு ஏன் டிசம்பர் 22க்கே திரும்பிவிட்டது? இருபத்து நான்கு நாள் வித்தியாசம். பஞ்சாங்கம் தவறா, கம்பு தவறா?

இரண்டும் தவறில்லை. நம் மாதங்கள் சூரியன் எந்த நட்சத்திரக் கூட்டத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்கின்றன. கம்பு சூரியனின் உயரத்தைப் பார்க்கிறது. இந்த இரண்டு வழியிலும் கணக்கிடும் ஆண்டுகள் ஒரே நீளமில்லை. பூமியின் அச்சு பம்பரத்தின் தலை ஆடுவதுபோல மிக மெதுவாக ஆடுகிறது, ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள். அதனால் நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிடும் ஆண்டு கொஞ்சம் நீளம். நம் பஞ்சாங்கக் கணக்கில் சுமார் 24 நிமிஷம். அறுபது வருஷத்தில் அது ஒரு நாளாகும். இருபத்து நான்கு நாள் விலக 1,440 வருஷம். ஆரியபட்டர் ஆரியபடீயம் எழுதிய காலத்தையொட்டி, அதாவது கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுவாக்கில், தை முதல் நாளும் சூரியன் திரும்பும் நாளும் ஒட்டியே வந்திருக்கின்றன. பஞ்சாங்கம் அன்று கண்டதை மறக்காமல் வைத்திருக்கிறது, வானம் நகர்ந்துவிட்டது.

டிசம்பரிலேயே இன்னொன்றும் செய்து பார்க்கலாம். கடிகாரம் இல்லாத காலத்தில் தமிழ்நாட்டு விவசாயிகள் ஒரு துரும்பால் நாழிகை (24 நிமிஷம்) கணித்தார்கள். பதினாறு விரற்கடை நீளமுள்ள துரும்பு. அதை ஓரிடத்தில் மடக்கி, ஒரு பகுதியை நிறுத்தி, மறுபகுதியை நிழலின் திசையில் தரையில் கிடத்த வேண்டும். நிற்கும் பகுதியின் நிழல் கிடக்கும் பகுதியைச் சரியாக மூடும்படி மடிப்பை நகர்த்த வேண்டும். நிற்பது எத்தனை விரற்கடையோ, சூரியன் உதித்து அத்தனை நாழிகை. டிசம்பர் நண்பகலில் சென்னையில் இதைச் செய்தால் ஒன்பது வருகிறது. நண்பகல் என்றால் பதினைந்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள். தாத்தா காலத்துக் கணக்கு இவ்வளவுதான் என்பார்கள். அந்தச் சிரிப்பை ஏப்ரல் வரை அப்படியே விட்டுவைக்கலாம்.

ஏப்ரலில் சூரியன் திரும்பவும் உச்சிக்கு வருகிறது. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில், மதுரைக்கு 16 வாக்கில், சென்னைக்கு 24 வாக்கில். இலங்கையில் ஏப்ரல் 5க்கும் 15க்கும் இடையே சூரியன் எந்தெந்த ஊருக்கு உச்சம் கொடுக்கிறது என்று வானிலைத் திணைக்களம் நாள்தோறும் அறிவிக்கிறது, பத்திரிகைகளும் போடுகின்றன. நம்மூரில் அப்படி ஒரு பழக்கம் வரவில்லை. இந்த நாள்களில் துரும்பை எடுத்து மறுபடி மடக்கட்டும். எட்டு விரற்கடை நின்று எட்டு கிடந்தால் சூரியன் 45 டிகிரி உயரத்தில். நேர் உச்சியை நோக்கி ஏறும் சூரியன் ஒரு நாழிகைக்கு ஏறத்தாழ ஆறு டிகிரி ஏறும். 45ஐ ஆறால் வகுத்தால் ஏழரை நாழிகை. துரும்பு சொன்னது எட்டு. பன்னிரண்டு நின்று நான்கு கிடந்தால் உயரம் 71.6 டிகிரி, வகுத்தால் 11.9. துரும்பு சொன்னது பன்னிரண்டு! காலையில் நான்கு நிற்கும்போது ஒரு நாழிகை பிசகுகிறது. முக்கோணவியல் அட்டவணை தேவைப்படும் ஒரு வளைவை, ஒரு கூட்டலும் ஒரு மடிப்பும் இவ்வளவு நெருக்கமாகப் பிடித்துவிடுகின்றன. விதி உண்மைதான், எல்லாக் காலத்துக்கும் உண்மை இல்லை. சூரியன் தலைக்கு மேலே போகும் காலத்துக்கு மட்டும். எந்த விதிக்கும் எல்லை உண்டு என்பதை டிசம்பரின் ஒன்பதும் ஏப்ரலின் பன்னிரண்டும் சேர்ந்து காட்டிவிடுகின்றன.

இனி தமிழ் வகுப்பு. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் ஓர் அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சி வருகிறது. பாண்டியனுடையது என்று கொள்ளப்படும் அரண்மனை. இரண்டு கோல்களை நட்டு, நண்பகலில் சூரியன் எந்தப் பக்கமும் சாயாத பொழுதைப் பார்த்து, நூல் அறிந்தவர்கள் கயிறு பிடித்துத் திசை குறிக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஜூனிலிருந்து செய்துவருவது இதே வேலை. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அந்த நாளைச் சித்திரை மாதத்தின் நடுப்பத்து நாள்களில் வைக்கிறார். இப்போது கணக்குப் போடலாம். மதுரையில் நிழல் மறைவது ஏப்ரல் 16 வாக்கில், இன்றைய பஞ்சாங்கப்படி சித்திரை மூன்று. நடுப்பத்தில் வரவில்லை. ஆனால் நச்சினார்க்கினியர் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பர் அறிஞர். இடையே சுமார் 650 வருஷம். அறுபது வருஷத்துக்கு ஒரு நாள் என்றால் கிட்டத்தட்ட பதினொரு நாள். அவர் காலத்தில் மதுரையில் நிழல் மறைந்த நாள் சித்திரை பதினான்கு வாக்கில் விழுந்திருக்கும். நடுப்பத்தின் உள்ளே!

இது என் சொந்தக் கணக்கு. உரைகாரர் வேறெந்த நூலைப் பார்த்தும் அந்த நாளை எழுதியிருக்கலாம், எனவே இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொங்கல் புதிருக்குக் கிடைத்த அதே சாவி இந்தப் பூட்டையும் திறக்கிறது என்பதில் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு மகிழ்ச்சி இருக்கும். இதில் எது தமிழ்ப் பாடம், எது அறிவியல், எது வரலாறு? பீரியடு மணி அடிக்கிறவருக்குத்தான் அந்தக் கவலை.

பாடங்களைக் கைவேலையோடும் ஒன்றோடொன்றும் பிணைக்க வேண்டும் என்பது இங்கே புதிய பேச்சில்லை. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, தக்ளியில் நூல் நூற்பதிலிருந்தே கணக்கையும் புவியியலையும் எடுக்க முயன்றது. சேவாகிராமத்தில் அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஆரியநாயகம் இலங்கைத் தமிழர். அது ஏன் நிலைக்கவில்லை என்பதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும். ஹோஷங்காபாத் முயற்சியின் முடிவு மட்டும் சுருக்கமானது. முப்பது ஆண்டுகள் நடந்து, ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவிய பிறகு, 2002இல் மத்தியப் பிரதேச அரசு அதை நிறுத்தியது. மாநிலம் முழுக்க ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்பது அப்போது சொல்லப்பட்ட வாதங்களில் ஒன்று. ஒரே பாடத்திட்டம் என்றால் எல்லா ஊரிலும் நிழல் வடக்கே விழும் என்று எழுதிவிடுவதுதான் சுலபம். ஹோஷங்காபாத்தில் ஜூன் 21 அன்று ஒரு மீட்டர்க் கம்பின் நிழல் தெற்கே ஒரு சென்டிமீட்டர்தான் விழும், சென்னையில் பதினெட்டு, கன்னியாகுமரியில் இருபத்தேழு. மூன்று ஊருக்கும் ஒரே வரி பொருந்தாது.

கம்பு நட்டு நிழல் அளக்கத் தனி நிதியோ ஆய்வகமோ அனுமதியோ தேவையில்லை. வாரம் ஒரு நாள் அரை மணி நேரம், நண்பகலையொட்டி. கம்பைச் சுற்றி ஓடி விளையாடாமல் பார்த்துக்கொள்ள ஒரு கயிறு. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை, அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு நீள நோட்டு. வகுப்பு மாறினாலும் நோட்டு மாறக் கூடாது, அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு வருபவர்கள் அதிலேயே தொடரட்டும். ஆசிரியர்கள் முன்வராத ஊரில் பெற்றோர் மொட்டைமாடியில் தொடங்கலாம். மதுரைக்காரர்கள் ஆகஸ்ட் 26, 27 தேதிகளையும், சென்னைக்காரர்கள் ஆகஸ்ட் 18ஐயும், கன்னியாகுமரிக்காரர்கள் செப்டம்பர் முதல் தேதியையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று வெயில் இருந்தால் நண்பகலுக்குக் கால் மணி முன்பே பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள்.